இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வீட்டுச் சாமான்: கேளுங்க, சொல்லுதேன்

இலங்கையிலிருந்து புதிதாக வந்திறங்கும் குடும்பங்களுக்குப் பாத்திரம் பண்டம் கொடுப்பது பற்றி நெல்லை வட்டாரத்தார் கேட்ட கேள்விகளும், பல வருஷமாக இந்த வேலையில் இருக்கும் பாளையங்கோட்டை அக்காவின் பதில்களும்.

மேலப்பாளையம்: அக்கா, எங்க வீட்டுப் பரண் நிறைய சாமான் கிடக்கு. எல்லாத்தையும் அனுப்பலாமா?

எல்லாம் வேண்டாம் தம்பி. 2022 மார்ச்சிலிருந்து, அங்கே விலைவாசி தாங்காமல் படகேறி வந்தவர்களைப் பார்த்தால் காரணம் புரியும். தனுஷ்கோடிப் பக்கம் மணல்திட்டிலோ அரிச்சல்முனையிலோ இறங்கும்போது ஆளுக்கு ஒரு பை இருந்தாலே பெரிசு. விசாரணை முடிந்து மண்டபத்தில் இருக்கிற அகதிகள் மறுவாழ்வு முகாமுக்குப் போனதும் முதல் ராத்திரிக்குத் தேவை சோறு பொங்க ஒரு பானை, மூடி, கரண்டி, குடம், பாய். பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைக்கும்போது உட்கார்ந்து சாமான் லிஸ்ட் எழுதுவோம் இல்லையா, அதே லிஸ்ட்தான் இதற்கும். லிஸ்ட்டை முதலில் எழுதுங்கள், அப்புறம் பரணில் ஏறுங்கள். பரணில் இருப்பதை வைத்து லிஸ்ட் போட்டால் அவர்களுக்கு உதவாத நாலு பூச்சாடியும் ஒரு டீ செட்டும்தான் போய்ச் சேரும்.

அம்பாசமுத்திரம்: சமையல் சாமான்ல எது முக்கியம்? நம்ம சமையலும் அவங்க சமையலும் ஒண்ணுதானா?

இதைக் கேட்டதற்கே சந்தோஷம். நிறைய ஒற்றுமை உண்டு. நாம் கல்யாண வீட்டில் சொதி வைக்கிறோம், அவர்கள் வாரத்தில் பாதி நாள் சொதி வைக்கிறார்கள். தேங்காய் இல்லாமல் அடுப்பு எரியாது. அதனால் நல்ல பல்லுள்ள துருவி ஒன்று கட்டாயம். அருவாமணையோடு சேர்ந்ததே இருந்தால் இன்னும் நல்லது. பால் பிழிய வாய் அகன்ற சட்டி, வடிகட்டி. அடுத்து இடியாப்ப நாழியும் தட்டுகளும். நாம் துணி விரித்த இட்லித் தட்டிலேயே பிழிந்து அவித்துவிடுவோம். அவர்களுக்குச் சின்னச் சின்னப் பின்னல் தட்டுகள் வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவிப்பார்கள். புட்டுக்குழல் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு வீட்டில் புட்டுக்குழலைக் கையில் வாங்கிய அம்மா, மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சில்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கூடவே நாம் கொண்டுபோன பெரிய குக்கரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு பேர் குடும்பத்துக்கு நாலு தட்டு போதாது. ஆறு கொடுங்கள். ஒரு ஆள் வந்தால் சாப்பாடு போடாமல் அனுப்ப அவர்களுக்கு மனசு வராது.

பேட்டை: மாமியார் பேர் வெட்டின எவர்சில்வர் பாத்திரம் நிறைய இருக்கு. கொடுத்தா தப்பா, மதினி?

தப்பே இல்லை, மதினி. சீர் கொடுத்தவர் பேரும் தேதியும் வெட்டிய பாத்திரம் இல்லாத வீடு நம் பக்கம் ஏது? கனமான பழைய எவர்சில்வர், இன்றைக்குக் கடையில் கிடைக்கிற தகரத்தைவிட எவ்வளவோ மேல். பேர் உறுத்தினால் பாத்திரக்கடையில் கொடுத்துத் தேய்த்து பாலீஷ் போடச் சொல்லுங்கள். நான் வேண்டவே வேண்டாம் என்பது வேறொன்று: ‘அன்பளிப்பு, இன்னார்’ என்று புதிதாக ஸ்டிக்கர் ஒட்டுவது. தினமும் மூணு வேளை அந்தத் தட்டில்தான் அவர்கள் சாப்பிட வேண்டும்.

வள்ளியூர்: கேஸ் அடுப்பு, மிக்சி எல்லாம் கொடுக்கலாமா?

அடுப்பு கொடுக்கலாம். பர்னரைச் சுத்தம் பண்ணி, ஒருதரம் எரித்து, நெருப்பு நீலமாக வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் ட்யூப் புதிதாக வாங்கி மாட்டிக் கொடுங்கள், அதன் ஆயுசு 5 வருஷம்தான். உங்கள் பேரில் உள்ள சிலிண்டரைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அது ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டியது. மிக்சி என்றால் ஜாருக்கு மூடி இருக்கணும், குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் இருக்கணும். ரிப்பேர்ச் செலவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

ஸ்ரீவைகுண்டம்: பழைய துணிமணி, மெத்தை?

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம். அப்போது வந்து குவிந்த பழந்துணியை நீங்களே பார்த்திருப்பீர்கள். கிழிந்த சட்டையும் ஜோடியில்லாத செருப்பும் பிரிக்க ஆளில்லாமல் நனைந்து கிடந்தது. அதனால் சேலை, சாரம், நைட்டி, பிள்ளைகள் உடுப்பு எல்லாம் துவைத்து மடித்தது மட்டும். உள்ளாடையும் நாப்கினும் புதிது மட்டும். மெத்தை வேண்டாம், மூட்டைப்பூச்சி ஏறினால் பக்கத்து வீடு வரை பரவும். முகாம்களில் பழைய வீடுகள் பலவும் பத்துக்குப் பத்துதான். அதில் மெத்தை விரித்தால் நடக்க இடமில்லை. பாய்தான் சரி. பத்தமடையில் கல்யாணப் பாய் வேண்டாம், சாதாரணக் கோரைப்பாய் கேளுங்கள். காலையில் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிடலாம்.

சங்கரன்கோவில்: நான் ரிட்டயரான ஆள். அரசாங்கம்தான் பணமும் அரிசியும் கொடுக்குதே அம்மா, நாம வேற எதுக்கு?

கொடுக்கிறது அண்ணாச்சி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021-இல் உதவித்தொகையை உயர்த்தினார்கள்: முகாமில் குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. புருஷன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாசம் 3,500. அதில் பானை வாங்குவார்களா, பிள்ளைக்குப் பால் வாங்குவார்களா? புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பணம் உடனே கைக்கு வந்துவிடாது, அதுவரை ஓட்டவும் வேண்டும். வந்த மாசத்துச் செலவு மற்ற மாசத்துச் செலவு போல இருக்காது அண்ணாச்சி.

தென்காசி: நேரா முகாமுக்கே வண்டியில கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. வெளியாட்கள் உள்ளே போக அனுமதி வேண்டும். உங்கள் பக்கத்து முகாம் என்றால் கலெக்டர் ஆபீஸில் மறுவாழ்வுப் பிரிவில் கேளுங்கள். 1984 முதல் ஈழ அகதிகளே நடத்தி வரும் ஒஃபர் (OfERR) என்ற மறுவாழ்வு அமைப்பு மூலமாகவும் போகலாம், எந்த வீட்டுக்கு எது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். சாமானை வீடுவீடாகப் பிரித்து, ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டையாகக் கட்டுங்கள். நடுத்திடலில் கொட்டி வரிசையில் நிற்க வைக்கிற வேலையே கூடாது. கொடுக்கும்போது போட்டோவும் கூடாது. அங்கே விட்டுவந்த ஊர்க்காரர் கண்ணில் அந்தப் படம் படும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

கோபாலசமுத்திரம்: அக்கா, நான் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா 1990-இல் வந்தவர். எங்களிடம் கூடுதலாக ஒன்றுமில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள்தான் இதில் எனக்கு முதலில் வேண்டிய ஆள், தங்கச்சி. நாங்கள் போய் ‘என்ன வேணும்’ என்று கேட்டால் ‘ஒண்டும் வேண்டாம், தந்தது காணும்’, அதாவது தந்ததே போதும் என்றுதான் பதில் வரும். உங்கள் அம்மா கேட்டால் கூச்சப்படாமல் சொல்வார்கள். அடுத்த லிஸ்ட் எழுதும்போது அம்மாவும் கூட இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம் அவரிடம் கேட்டு எழுதுங்கள்: 1990-இல் வந்து அடுப்பு மூட்டிய முதல் வாரத்தில், எது இல்லாமல் ரொம்பத் தவித்தார்?