எஸ்டிமேஷன் மென்பொருள் திணறுகிறது: கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

வணக்கம். கட்டடச் செலவை மதிப்பிடும் எஸ்டிமேஷன் மென்பொருள், 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் பெரிய பிடிஎஃப் கட்டட வரைபடங்களைத் திறந்து அளவெடுத்தால் திணறுகிறது, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இருபரிமாண வரைபடத்தில் அளவெடுத்து விலைப்பட்டியல் போடுவதுதான் வேலை என்றால் அந்தச் செலவு வீண். ரெவிட் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) மாதிரிகளை முப்பரிமாணத்தில் திறக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் தனி கார்டு தேவைப்படும்.

பிடிஎஃப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் வேலை பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோரை (அதற்குள் கணக்கிடும் தனி அலகை) நம்பித்தான் நடக்கிறது. அதனால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள். ரேம் 32 ஜிபி போடுங்கள். வரைபடத் தொகுப்பு, எக்செல், பிரௌசர் எல்லாம் திறந்திருந்தால் 16 சீக்கிரம் நிரம்பிவிடும். வட்டு, வேகமான சேமிப்பு வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியாக இருக்கட்டும்.

மிச்சப் பணத்தில் 27 அங்குலத் திரை இரண்டு வாங்குங்கள். ஒன்றில் வரைபடம், மற்றதில் அளவுப் பட்டியல். இதை அழுத்தியே சொல்வேன்: ஒரே திரையில் மாறி மாறித் தாவும்போதுதான் ஒரு சுவரோ கதவோ கணக்கில் விட்டுப்போகிறது.

அப்புறம், விலைத் தரவுத்தளம் அலுவலக சர்வரில் இருந்தால் வைஃபையை நம்பாமல் கேபிள் இழுத்துவிடுங்கள்.