மாலை வகுப்பு நடத்தும் சிறிய தொண்டு நிறுவனம் தன் பலனை நன்கொடையாளருக்கு எப்படி அளந்து காட்டுவது?

வருகைப் பதிவேடும் கொடுத்த நோட்டுகளின் கணக்கும் நீங்கள் வேலை செய்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்குப் புது வினாத்தாள் வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கிய, பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழிலேயே இருக்கிறது. பிள்ளையைத் தனியே உட்காரவைத்து முதலில் பத்தியைக் கொடுங்கள். அது ஒன்றாம் வகுப்புத் தரம். தடையில்லாமல் வாசித்தால் இரண்டாம் வகுப்புத் தரத்துக் கதை. திணறினால் சொற்கள், ஐந்தில் நான்கு சரியென்றால் சொல் நிலை. அதுவும் வராவிட்டால் எழுத்துகள், அதே கணக்கில்.

ஜூனில் ஒருமுறை, மார்ச்சில் வேறு தாளை வைத்து ஒருமுறை. பாடம் எடுப்பவரே சோதிக்கக் கூடாது. பாசத்தில் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். பக்கத்து மையத்து ஆசிரியரோடு மாற்றிக்கொண்டால் செலவே இல்லை.

பல அறிக்கைகள் சறுக்குவது சராசரியில். ஜூனில் 60 பேர், மார்ச்சில் 42 பேர் என்று வைத்துக்கொள்வோம். நின்றுபோன 18 பேரும் எழுத்து நிலையில் இருந்தவர்கள் என்றால், ஒருவரும் ஒரு சொல்கூடப் புதிதாகக் கற்காமலே சராசரி ஏறிவிடும். ஆகவே இரண்டு முறையும் சோதித்த 42 பேரை மட்டும் ஒப்பிடுங்கள். மற்ற 18 பேர் எந்த நிலையில் இருந்தார்கள், ஏன் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். அட்டவணையில் இடப்பக்கம் ஜூன் நிலை, மேலே மார்ச் நிலை. எழுத்திலிருந்து சொல்லுக்குப் போனவர், இருந்த இடத்திலேயே இருப்பவர் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நகராதவர்களை மறைக்காதீர்கள், அடுத்த ஆண்டின் திட்டத்தையே அவர்களை வைத்துத்தான் போட வேண்டும்.

பிள்ளைகள் பள்ளியிலும் படிக்கிறார்கள். அதனால் அதே ஊரில், அதே வகுப்பில், மையத்துக்கு வராத 30 பேரையாவது இரண்டு முறையும் சோதியுங்கள். அவர்களைவிடக் கூடுதலாக வந்த முன்னேற்றமே உங்கள் பங்கு. அதையும் முழுதாக உரிமை கொண்டாட முடியாது. மையத்துக்கு அனுப்பும் பெற்றோர் முன்பே அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம்.

வெளி நிறுவனத்தை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்யும் கட்டாயம், 2021 சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) விதித் திருத்தத்தின்படி, நிதி தரும் கம்பெனிக்குத்தான். அதுவும் முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனி, 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு. சில லட்சத்தில் ஓடும் மையத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

அறிக்கை இரண்டு பக்கம் போதும். மொத்தச் செலவை 60ஆல் வகுத்தும் 42ஆல் வகுத்தும் ஒரு பிள்ளைக்கான செலவைப் போடுங்கள். பிள்ளையின் பெயர், படம், வாசிப்பு நிலை மூன்றும் சேர்ந்து வெளியே போகவே கூடாது, பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும்.