வாசகர் கேள்வி: பச்சைப் பொடி உதிரும் பிரெஞ்சு வெண்கலம்

கேள்வி: உப்புவெளியில், கடலுக்குக் கிட்டவே எங்கள் வீடு. விறாந்தைச் சுவரில் பழைய பிரெஞ்சு வெண்கலப் புடைப்புத் தகடு ஒன்று தொங்குகிறது, ஓரத்தில் 'எஃப். பார்பெடியென்' என்று பொறித்திருக்கிறது. ஆடை மடிப்புகளில் பச்சையாகப் பொடி உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? இது அசல்தானா?

– வாசகி, திருகோணமலை

பதில்: புளி, தேசிக்காய், பித்தளை பொலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வைத்தால் நூறாண்டுப் பழுப்பு மெருகு ஒரே நாளில் போய்விடும்.

இறுகப் பிடித்த கரும்பச்சையால் ஆபத்தில்லை. பல்குச்சியால் தொட்டதும் வெளிர்பச்சைத் தூளாய் உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் அது 'வெண்கல நோய்'. உப்புக்காற்றின் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்கிறது.

தகட்டைக் கழற்றி, மரக்குச்சியால் தூளைக் கிளறி எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலும் குளோரின் உண்டு. பிறகு காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), அடியில் வெள்ளைத்தாள் விரித்து, 3 வாரம் வையுங்கள். தாளில் மறுபடி பச்சைத்தூள் விழுந்தால் பழம்பொருள் பேணும் வல்லுநரிடம்தான் போகவேண்டும். விழாவிட்டால் மைக்ரோகிறிஸ்டலின் மெழுகை (உலோகத்தைக் காக்கப் பூசும் நுண்படிக மெழுகு) மெல்லிசாகப் பூசித் துணியால் துடையுங்கள்.

திரும்ப விறாந்தையில் மாட்டாதீர்கள். உள்சுவரில், பின்னால் றப்பர் வளையம் வைத்து 5 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். மாரியில் சுவர் கசியும். ஆணி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

பார்பெடியென் 1892இல் இறந்த பாரிஸ் வார்ப்பாளர். பெயரைப் பிற்காலப் பிரதிகளிலும் பொறிப்பார்கள், அது மட்டும் சாட்சியாகாது. பின்பக்கம் மறைவில் மெல்லக் கீறுங்கள்: பொன்மஞ்சள் என்றால் செப்புக் கலவை, சாம்பல் வெள்ளை என்றால் துத்தநாக வார்ப்பு, வெண்கலமே அல்ல.