பாஸ் மீனுக்கு டாப்வாட்டர் லூர் எந்த நிறத்தில் வாங்குவது? நிறம் உண்மையிலேயே முக்கியமா?

டாப்வாட்டர் லூருக்கு, அதாவது நீர்மேல் மிதக்கவிட்டு இழுக்கும் போலி இரைக்கு, ஆறு நிறங்களைக் குறிப்பிட்டு, எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இதே இடத்தில் நான் இரண்டு கோடைகாலம் சிக்கிக் கிடந்தவன். உங்கள் பெட்டியும் என் பழைய பெட்டி மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தவளைப் பச்சை ஒன்று, முதுகில் நீலம் ஓடும் வெள்ளி ஒன்று, செதில் செதிலாக வரைந்து கண்ணுக்குச் சிவப்பு வைத்தது ஒன்று. திறந்து பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும். மீன் மட்டும் வராது.

என் மாமாவோடு, அதாவது அம்மாவின் தம்பியோடு, ஒருநாள் ஏரியில் படகில் போயிருந்தேன். பொழுது சரியாக விடியவில்லை, மேகமும் போட்டிருந்தது. கோரை ஓரமாக மீன்கள் மேலே வந்து இரையை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டாப்வாட்டருக்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. மாமா பழைய கறுப்பு லூர் ஒன்றைக் கட்டினார். மூக்குப் பக்கம் பெயிண்ட் உரிந்திருந்தது. நான் தவளைப் பச்சையில் ஆரம்பித்தேன். பத்து வீச்சு, ஒன்றும் இல்லை. வெள்ளிக்கு மாற்றினேன். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். ஒவ்வொரு தடவையும் தூண்டில் நரம்பை வெட்டி, அரை இருட்டில் புது முடிச்சுப் போட்டு, முள் கையில் ஏறாமல் பார்த்து எறிவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். மீன் மேலே வந்து தின்னும் அந்த நேரமே கொஞ்சம்தான். அதில் பாதியை நான் முடிச்சுப் போட்டே கழித்தேன்.

நான் எட்டாவது லூரைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா மூன்று மீன் பிடித்து, மூன்றையும் திரும்ப விட்டிருந்தார்.

"மாப்ளே, இதுவரைக்கும் கட்டினதை எல்லாம் எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். எட்டையும் ஒரு துண்டு நரம்பில் வரிசையாகக் கோர்த்து, என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"கீழே இருந்து பாரு. எது பச்சை, எது வெள்ளி, சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. எட்டு லூருக்கும் வயிறு ஒரே வெள்ளை. சாம்பல் வானத்துக்கு எதிரே எட்டும் ஒரே மாதிரி மங்கலாகத் தொங்கின. நான் ஆசைப்பட்டு வாங்கிய வரைவேலை முழுக்க முதுகிலும் பக்கவாட்டிலும் இருந்தது.

"மீன் அங்கே இருந்துதானே பாக்குது? நீ ஒரே லூரை எட்டு தடவை கட்டியிருக்க."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நீருக்கு அடியில் இருக்கும் மீனுக்கு மேலே உள்ள உலகம் முழுதாகத் தெரியாது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், வெளியுலகம் மொத்தமும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஏரியின் அடியைத்தான் திருப்பிக் காட்டும். அதனால் லூர் தள்ளி இருக்கும்போது நீரில் முங்கிய வயிறு மட்டுமே மீனுக்குத் தெரியும். நெருங்கி வந்து வட்டத்துக்குள் நுழைந்த பிறகு வானத்துக்கு எதிரே அதன் உருவம் தெரியும். முதுகில் வரைந்த செதிலை மீன் எங்கிருந்து பார்க்கும், சொல்லுங்கள்!

வயிற்று நிறத்திலும்கூட பச்சையா நீலமா என்பதைவிட, ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கறுப்பு முழுக்க மறைக்கும், உருவம் அழுத்தமாக விழும். அதனால்தான் இரவிலும் விடியற்காலையிலும் மேகம் போட்ட நாளிலும் கலங்கல் தண்ணீரிலும் கறுப்பு. எலும்பு வெள்ளை என்று சொல்கிறோமே, அந்தப் பழுப்பு வெள்ளை நடுத்தரம். நீர் ஓரளவு தெளிவாகவும் வெயில் மிதமாகவும் இருக்கும்போது அதுவே போதும். சின்ன மீன்களின் வயிறும் வெளிறித்தான் இருக்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் லூர் மூன்றாவது வகை. மிகத் தெளிந்த நீர், காற்றில்லாத வெயில் நாள், மீன் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்றால் அதைக் கட்டுங்கள்.

"அப்படியானால் பாஸ் மீனுக்கு நிறமே தெரியாதா?" என்று யாராவது கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நிறம் தெரியும். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். லார்ஜ்மவுத் என்னும் பாஸ் வகையின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான் உண்டு. ஒன்று பச்சைப் பக்கம், ஒளியின் அலைநீளக் கணக்கில் சுமார் 535 நானோமீட்டர். இன்னொன்று சிவப்புப் பக்கம், சுமார் 614. நமக்கு மூன்று வகை. பழக்கிய மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்றாகவே பிரித்து அறிந்தன. ஆனால் எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன, கறுப்பையும் நீலத்தையும்கூட அப்படித்தான். ஆக, உங்கள் பட்டியலில் உள்ள பளீர் மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியாக வாங்குவதற்குமுன் ஒருமுறை யோசியுங்கள்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். "ஒரு காலைப்பொழுதை வைத்துச் சட்டம் போடாதே." நியாயமான பேச்சுதான். அன்று மாமா பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, என் பச்சை லூரின் வயிறு முழுக்கத் தீட்டி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். ஐந்தாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. சத்தம் கேட்டதும் பதறிச் சுண்டிவிட்டேன், மீன் போய்விட்டது. "மீனோட எடை கையில தெரியட்டும், அப்புறம் இழு" என்றார். அடுத்தது அடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஒன்றரைக் கிலோ இருக்கும். இதில் கறுப்பு வயிற்றுக்கு எவ்வளவு பங்கு, அந்த நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் பிறகு ஒரே மாதிரியான இரண்டு லூர் வாங்கினேன். ஒன்றின் வயிறு எலும்பு வெள்ளை, இன்னொன்று கறுப்பு. அளவும் சத்தமும் ஒன்றே. இரண்டு தூண்டிலில் கட்டி, இருபது வீச்சுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி எறிந்து, ஒரு பருவம் முழுக்க நோட்டில் குறித்தேன். வெளிச்சம் குறைந்த நேரங்களில் கறுப்பு தெளிவாக முந்தியது. வெயில் ஏறிய பிறகு வெள்ளை முந்தியது, ஆனால் சின்ன வித்தியாசம்தான். என் ஏரி, என் கை. உங்களுக்கு வேறு மாதிரி அமைந்தால் அதையே நம்புங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பாஸுக்கு இரையாகும் புளூகில் என்னும் சின்ன மீன்கள் ஆழமில்லாத கரையோரத்தில் முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனின் நெஞ்சு ஆரஞ்சாக இருக்கும். அப்போது அந்த நிறத்தில் வயிறுள்ள லூர் எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. அதற்காக ஆறு வாங்க வேண்டியதில்லை, ஓர் ஆரஞ்சு மார்க்கர் போதும். நிறத்தைவிட லூர் நகரும் வேகத்தையும் நிறுத்தி நிறுத்தி இழுப்பதையும் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. நிறம் அதற்கு அடுத்தது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லூரைப் பற்றி எங்கே படித்தாலும் கூடவே பெரிய மீனின் படம் ஒன்று இருக்கிறது. அதில் பாதிப் படங்களில் மீன் சுடுமணலிலோ காய்ந்த படகுப் பலகையிலோ கிடக்கிறது. இல்லையென்றால் தாடையை மட்டும் பிடித்துப் பாரமான மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே "பத்திரமாகத் திரும்ப விட்டேன்" என்று எழுதியிருக்கும். மீனின் மேல் உள்ள வழவழப்புதான் நோய்க்கிருமிகளிடமிருந்து அதற்குக் காப்பு. காய்ந்த இடத்தில் கிடத்தினால் அது உரிந்துவிடும். பெரிய மீனின் மொத்த எடையும் தாடையில் தொங்கினால் தாடை சேதமாகும். கையை நனைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? டாப்வாட்டர் லூரில் பெரும்பாலும் இரண்டு மும்முனை முள் இருக்கும். மீன் துள்ளும்போது ஒன்று வாயிலும் இன்னொன்று கண்ணருகிலும் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். முள் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியை மட்டும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். அதனால் நான் இழந்த மீன்கள் கொஞ்சம்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு வயிறு ஒன்று, எலும்பு வெள்ளை வயிறு ஒன்று, இந்த இரண்டை மட்டும் வாங்குங்கள். விற்பனைப் படங்களில் பக்கவாட்டைத்தான் காட்டுவார்கள், அதனால் வயிற்றுப் படம் கேட்டு வாங்குங்கள். உங்கள் தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்த நேரத்தில் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், இப்போது பெட்டியில் இருக்கும் லூர்களைக் கவிழ்த்து வைத்து எடுத்த ஒரு படத்தையும் போட்டால், எதற்கு மார்க்கர் தீட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.