ரூட்டரில் எதை விடுவது, எதைத் தடுப்பது: வாசகர் கேள்விகள்

சார், சிஸ்கோ ரூட்டரில் ஒரே ஒரு பிசியைத் தடுக்க ஆக்சஸ் லிஸ்ட்டில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) ஒரு டினை, அதாவது 'தடு' வரி எழுதினேன். ஆபீஸ் முழுக்க நெட் போய்விட்டது, ஏன்?

லிஸ்ட்டில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது என்றால் காரணம் அதுதான். எந்த ஆக்சஸ் லிஸ்ட்டின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'டினை எனி' உட்கார்ந்திருக்கும், எதிலும் பொருந்தாத பாக்கெட் (தரவுத் துண்டு) அங்கே செத்துப்போகும். கீழே ஒரு பெர்மிட் எனி (மற்ற எல்லாவற்றையும் விடு) சேருங்கள். கீழே என்றால் கீழேதான், ஏனென்றால் முதலில் பொருந்தும் வரியோடு ரூட்டர் நின்றுவிடும்.

சர்வர் தானாக வெளியே எதையும் தொடக்கூடாது என்று, சர்வர் பக்க இன்டர்ஃபேஸில் (ரூட்டரில் சர்வர் இணைந்திருக்கும் முனை) 'இன்' திசையில் லிஸ்ட் போட்டேன். இப்போது கணக்குப் பிரிவிலிருந்து அதன் வெப் பக்கமே திறக்கவில்லை.

எல்லோரும் போகிற பாதையை மட்டும் யோசிக்கிறார்கள், திரும்பி வருகிற பாதையை மறந்துவிடுகிறார்கள். 'இன்' என்பது ரூட்டருக்குள் நுழைவது. கணக்குப் பிரிவின் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஆனால் சர்வர் அனுப்பும் பதில் அதே இன்டர்ஃபேஸ் வழியாகத்தானே உள்ளே வரவேண்டும், அதை உங்கள் லிஸ்ட்டே மடக்கிவிடுகிறது. அந்தப் பதிலில் 443 (பாதுகாப்பான வெப் பக்கத்தின் போர்ட் எண்) என்பது மூல போர்ட், சேருமிட போர்ட் ஏதோ ஒரு பெரிய எண். சர்வர் 192.168.20.5, கணக்குப் பிரிவு 192.168.10.0 என்றால் வரி இப்படி இருக்கவேண்டும்: பெர்மிட் டிசிபி ஹோஸ்ட் 192.168.20.5 ஈக்யூ 443 192.168.10.0 0.0.0.255 எஸ்டாப்ளிஷ்ட்.

இந்த எஸ்டாப்ளிஷ்ட், டிசிபி பாக்கெட்டில் ஏக் ('கிடைத்தது') அல்லது ஆர்எஸ்டி ('துண்டி') பிட் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எந்த இணைப்பையும் நினைவில் வைக்காது, போலி ஏக் பாக்கெட் தாராளமாக உள்ளே போகும். இணைப்பு அமைக்காமலே அனுப்பும் யுடிபிக்கு அது கிடையவே கிடையாது, ஆகவே சர்வருக்கு டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) வேண்டுமென்றால் அதன் போர்ட்டான 53-க்குத் தனி வரி எழுதுங்கள். 0.0.0.255 என்பது வைல்ட்கார்ட், 0 இருக்கும் இடம் பொருந்தவேண்டும், 255 இருக்கும் இடம் எதுவாகவும் இருக்கலாம்; அதை சப்நெட் மாஸ்க் என்று நினைத்து 255.255.255.0 என்று எழுதினால், கடைசி எண் 0 ஆக இருக்கும் முகவரிகளை மட்டுமே பிடிக்கும்! அப்புறம் ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ் கொடுத்து, எந்த வரிக்குப் பக்கத்தில் எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள். கடைசியில் டினை ஐபி எனி எனி லாக் என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் என்ன விழுகிறது என்பதும் தெரிந்துவிடும், ஊகிக்க வேண்டியதில்லை.

மைக்ரோடிக் ரூட்டரில் ஃபார்வர்ட் செயினில் (செயின் என்பது விதித் தொகுப்பு) எல்லாவற்றையும் தடுத்தேன். வெளியிலிருந்து வின்பாக்ஸ் (ரூட்டரை நிர்வகிக்கும் செயலி) இன்னும் திறக்கிறது அண்ணா.

ஃபார்வர்ட் என்பது ரூட்டரைக் கடந்து போகிற பாக்கெட்டுக்கு. ரூட்டருக்கே வருவது இன்புட் செயினில் வரும். அங்கே முதலில் எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பு), ரிலேட்டட் (அதோடு தொடர்புடையது) இரண்டையும் விடுங்கள், அப்புறம் நிர்வாக நெட்வொர்க்கை விடுங்கள், இன்டர்நெட் பக்கமிருந்து வரும் மீதியை டிராப் செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2018-இல் வெளியான வின்பாக்ஸ் ஓட்டையில் கடவுச்சொல்லே இல்லாமல் பயனர் விவரக் கோப்பை எடுக்க முடிந்தது, திருத்தம் வந்த பிறகும் அதைப் போடாமல், வின்பாக்ஸின் 8291 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். ஐபிவி6-க்கு அதில் தனி ஃபயர்வால் இருக்கிறது, அங்கேயும் விதி எழுதவேண்டும். சிஸ்கோவில் இதே வேலைக்கு விடிஒய் லைனில் (தொலைவிலிருந்து ரூட்டருக்குள் நுழையும் வழி) ஆக்சஸ்-கிளாஸ் என்ற கட்டளை.

பாதுகாப்புக்காக ஐசிஎம்பி (பிங், பிழைச் செய்திகள் போகும் நெறிமுறை) முழுவதையும் தடுக்கலாமா?

வேண்டாம். 'பாக்கெட் பெரிது, உடைக்காமல் அனுப்ப முடியாது' என்று சொல்லும் டைப் 3 கோட் 4 செய்தியும் அதோடு போய்விடும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1492 ஆக இருக்கும் பிபிபிஓஇ லைனில் (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) பிங் போகும், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் தொங்கும், காரணம் தெரியாமல் அலைவீர்கள். ஐபிவி6-இல் பக்கத்து மெஷினைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பியால்தான்.

தொலைவிலிருந்து லிஸ்ட்டை மாற்றப் பயமாக இருக்கிறது.

பயம் சரிதான். சிஸ்கோவில் இருக்கும் கான்ஃபிகை முதலில் சேமித்துவிட்டு, ரீலோட் இன் 10 கொடுங்கள், அதன்பிறகு மாற்றுங்கள், மாற்றியதை உடனே சேமிக்காதீர்கள். வெளியே பூட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் பழையபடி எழுந்துவிடும், நன்றாக இருந்தால் ரீலோட் கேன்சல். மைக்ரோடிக்கில் இதற்கு சேஃப் மோட் இருக்கிறது, இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் தானே திரும்பப் பெற்றுவிடும்.