தொப்பையும் ஒரு சுரப்பிதான்: டாக்டரம்மாவிடம் கேள்வி பதில்

கடையம் அக்கா: பீடி சுற்றுகிறேன். எடை 54 கிலோதான். எனக்கு எப்படி டாக்டரம்மா சர்க்கரை வந்தது?

பதில்: தராசை விடுங்கள் அக்கா, தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் உஷார். கை கால் குச்சி, மடியில் முறத்தை வைத்தால் வயிறு முட்டும். நம்மில் பலருக்கு உடம்புவாகு இதுதான். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, ஹார்மோன் சுரக்கிற உறுப்பு. அப்படிச் சுரப்பதில் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் இன்சுலினுக்குக் கைகொடுப்பது. வேடிக்கை என்னவென்றால், கொழுப்பிலிருந்தே வந்தாலும் தொப்பை பெருக்கப் பெருக்க இது குறையும். அப்புறம் இன்சுலின் சுரந்தாலும் ஈரலும் தசையும் அதன் பேச்சைக் கேட்காது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கட்டு முடிக்கிற அவசரம் தெரியும்; இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை முறத்தை இறக்கிவைத்துவிட்டு நாலு எட்டு நடங்கள்.

பாளையங்கோட்டைத் தம்பி: எடை 96 கிலோ. தைராய்டை வேலை வாங்கும் டிஎஸ்எச் 6.1, கொஞ்சம் கூடுதல்; தைராய்டு சுரக்கும் டி4 சரியாக இருக்கிறது. தைராய்டால்தான் குண்டானேனா?

பதில்: பழியைத் தைராய்டு மேல் போட எல்லாருக்கும் ஆசை. உங்கள் விஷயத்தில் கதை தலைகீழாகவும் இருக்கலாம். கொழுப்பு கூடினால் அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் கூடும். அது மூளையின் ஹைப்போதலாமஸைத் தூண்ட, டிஎஸ்எச் லேசாக ஏறும். எடை குறைந்ததும் தானாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தைராய்டு நிஜமாகவே குறைந்தாலும் கூடுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். ஆனால் டிபிஓ ஆன்டிபாடி, அதாவது நம் உடம்பே தைராய்டைத் தாக்குவதன் அடையாளம், ரத்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. அது இருந்தால் கணக்கே வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், கர்ப்பிணிகள் முக்கியமாக.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி: லெப்டின் பசியை அடக்குமாமே, ஊசி உண்டா?

பதில்: 1994-ல் கண்டுபிடித்தபோது பலரும் அப்படித்தான் ஆசைப்பட்டார்கள். நம் தொப்பையில் அது ஏற்கெனவே எக்கச்சக்கம்; மூளைதான் காதில் வாங்குவதில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள், உடம்பில் கொழுப்பே தங்காத அபூர்வ நோயாளிகள், இவர்களுக்குத்தான் அந்த ஊசி. உங்களுக்கு இல்லை அண்ணாச்சி.

தென்காசி அக்கா: தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு போடலாமா? சீனி கிடையாது, உடன்குடிக் கருப்பட்டிதான். சர்க்கரை ஏறாதே?

பதில்: வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பி ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. கருப்பட்டி உடன்குடியிலிருந்தே வந்தாலும் ஏறும் அக்கா.