அலமேலு தெலுங்குப் பெயரா?

உங்கள் பாட்டியின் பெயரான அலமேலுவை மகளுக்கு வைக்க ஆசை, ஆனால் "அது தெலுங்குப் பெயர்" என்று வீட்டில் தடை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் வையுங்கள், வேர் தமிழ்தான். தாமரை மலர்மேல் வீற்றிருக்கும் திருமகளே அலர்மேல்மங்கை. திருவாய்மொழியில் நம்மாழ்வார் திருவேங்கடத்தானை "அலர்மேல் மங்கை உறை மார்பா" என்றே அழைக்கிறார். பேச்சுவழக்கில் 'ர்' தேய்ந்து, மங்கையும் விட்டுப்போய் அலமேலு ஆகிவிட்டது.

வீட்டில் சொல்வதும் காரணமில்லாமல் இல்லை. திருப்பதியை அடுத்த திருச்சானூர்த் தாயாருக்கு இதே பெயர். 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்குக் கீர்த்தனைகளில் அலமேலுமங்காவை அத்தனை உருகிப் பாடியிருக்கிறார். அந்தப் பக்கம் அலிவேலு என்றும் சொல்வார்கள். கன்னட நாட்டில், மைசூர் அரச குடும்பத்தைச் சபித்ததாகச் சொல்லும் தலக்காடு சாபக் கதையில் வருபவளும் அலமேலம்மாதான். ஓர் ஆழ்வார் வாக்கில் வரும் பெயர் இவ்வளவு தூரம் போயிருப்பதில் எனக்குப் பெருமைதான்.

பழைய காலத்துப் பெயராகத் தோன்றினால் சான்றிதழில் அலர்மேல்மங்கை என்று பதிந்துவிட்டு, வீட்டில் அலமு என்று கூப்பிடுங்கள். அப்புறம், ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்து, ஆதார், பள்ளி எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள்.